ரங்கூன் தொப்பியில் ஒரு நீர்க்கறை

செட்டியார் வீட்டு ஆச்சி அந்தத் தொப்பியைப் பனையோலைக் கொட்டானுக்குள் மல்லாக்க வைத்து, மேலே வெள்ளைத் துண்டைப் போர்த்தி எடுத்து வந்திருந்தார். வலையபட்டியிலிருந்து காரில் வந்தவர் கொட்டானை மடியை விட்டு இறக்கவே இல்லை என்பது சேலை கசங்கியிருந்த விதத்தில் தெரிந்தது. என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து அப்போது பதினாலு மாதம் ஆகியிருந்தது. ஆச்சிக்கு அது தெரியாது.

"தம்பி இருக்காகளா? கடைக்குப் போனேன், அங்குட்டு வேற யாரோ பாத்திரக்கடை வச்சிருக்காக. வீட்டைக் கேட்டுக்கிட்டு வந்தேன்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே வந்து, சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்த என் கணவரைப் பார்த்துவிட்டார். வலது கை மடியில் கிடந்தது. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஆச்சி அப்படியே நின்றார். கொட்டானைப் பார்த்ததும் என் கணவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. இடது கையை நீட்டி, "தா" என்றார்.

ஆச்சி கொட்டானை அவர் மடியில் வைத்துவிட்டார். அவர் தொப்பியைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார். ஒருவேளை அன்றைக்கு அவர் அதைத்தான் கேட்டாரோ என்னவோ. என்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பதினாலு மாதமாக அவர் வாயில் மிஞ்சியிருந்தது அந்த ஓர் எழுத்துத்தான். பசித்தால் தா. மின்விசிறி வேண்டுமென்றால் தா. என் பெயரும் தா. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் போனில் கூப்பிட்டால், அவளுக்கும் தா.

காரைக்குடியில் பழைய சாமான்கள் விற்கும் தெருவில் அவர் இருபது வருசத்துக்கு மேல் கடை வைத்திருந்தார். மற்றவர்கள் கதவு, தூண், எனாமல் பாத்திரம் என்று அடுக்கி வைத்திருக்க, இவருக்கு மட்டும் தொப்பிப் பைத்தியம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த செட்டியார்கள் கோட்டும் தொப்பியுமாகப் படம் எடுத்துக்கொண்டவர்கள். படம் கூடத்தில் தொங்கும், தொப்பி இரும்புப் பெட்டியில் கிடக்கும். கம்பளி அல்லது முயல் ரோமத்தை அழுத்திச் செய்த ஃபெல்ட் தொப்பிகள். வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்ற ஆரம்பித்த பிறகு அந்தத் தொப்பிகள் சுவருக்கு வந்தன. தங்க வருகிறவர்கள் எடுத்துத் தலையில் வைத்துப் படம் பிடித்துக்கொள்வார்கள். தேங்காய் எண்ணெய், வெயிலுக்குப் பூசும் கிரீம், உதட்டுச் சாயம் எல்லாம் தொப்பியில் ஏறும். அவற்றை எடுத்துத் தரச் சொல்லி விடுதிக்காரர்கள் இவரிடம் கொடுத்துவிடுவார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைக்கு எடுத்த கறையைப் பற்றிச் சொல்லுவார். எந்தக் கறைக்கு மாவு, எந்தக் கறைக்கு ஆவி, எதைத் தொடவே கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே 'ம்' கொட்டுவேன். பாதிக் கண் டிவியில் இருக்கும். செத்துப்போனவர்களின் தலையில் இருந்ததைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காருகிறாரே என்பதுதான் எனக்குக் கவலை. "கையை நல்லாக் கழுவுனீகளா?" என்று கேட்பேன். இருபது வருசத்தில் அந்தத் தொழிலைப் பற்றி நான் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஆச்சி கொண்டுவந்தது சாம்பல் நிறத் தொப்பி. அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனிலிருந்து திரும்பும்போது தலையில் இருந்தது. முன்பக்கம் விரல் வைத்துப் பிடிக்கிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்தது. அதைவிடப் பெரிசு விளிம்பில் இருந்த நீர்க்கறை. போன மழைக்கு ஓடு ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. விளிம்பில் ஓர் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு வளையம், காப்பி டம்ளரை வைத்து எடுத்த மாதிரி.

"என் கூடப்பொறந்த தம்பிக்கு அறுவதாங்கல்யாணம் வச்சிருக்கோம். அப்பச்சி படத்துக்குக் கீழ இதை வைக்கணும்னு அவனுக்கு ஆசை. ரெண்டு வாரம் இருக்கு" என்றவர், என் கணவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இப்படின்னு தெரியாமப் போச்சேம்மா. நான் மதுரையில யாருகிட்டயாவது கொடுத்துக்கிறேன்."

இடது கையால் தொப்பியை எடுத்து விளிம்பை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார் என் கணவர். ஒரே திசையில், திரும்பத் திரும்ப. விழுந்த நாளிலிருந்து அந்தக் கை அவ்வளவு நேரம் ஒரு காரியத்தில் நிலைத்து நான் பார்த்ததில்லை.

"நான் செஞ்சு தாரேன் ஆச்சி. இவுக பக்கத்துல இருக்காகள்ல" என்றேன்.

யார் கேட்டார்கள் என்னை? ஆச்சி தயங்கினார். நான்தான் வற்புறுத்தினேன். அந்தத் தொப்பி நாலு நாள் வீட்டில் இருந்தால் அவருக்குப் பேச்சு வந்துவிடும் என்று ஒரு பேராசை. மதுரையில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஒவ்வொரு முறையும் சொல்வாள்: "அந்தத் 'தா'வை மட்டும் நிறுத்த விட்டுடாதீங்கம்மா. அவர் சொல்ல முயற்சி பண்றார் பாருங்க, அதுதான் முக்கியம். அதை வச்சுத்தான் மத்த எழுத்தைப் பிடிக்கணும்."

முதல் நாள் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். கார்ன்ஃபிளவர் மாவைத் தூவி வைப்பார் என்பது மட்டும் எனக்கு நினைவிருந்தது. சூப்புக்கு வாங்கி வைத்த மாவை அவர் எடுத்துப் போய்விட்டதற்காக ஒருமுறை சண்டை போட்டிருக்கிறேன், அதனால் மறக்கவில்லை. கறுத்த இடத்தில் மாவைக் கனமாகத் தூவி, விரலால் லேசாக அழுத்தி, அப்படியே விட்டேன். மறுநாள் காலை மாவு மஞ்சளாகியிருந்தது. அவருடைய பிரஷ்ஷை எடுத்தேன். வலமிருந்து இடமா, இடமிருந்து வலமா தெரியவில்லை. அவர் முன்னால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வலமிருந்து ஒரு இழுப்பு இழுத்தேன். "தா!" என்று தலையை ஆட்டினார். மாற்றி இழுத்தேன். "தா" என்றார், மெதுவாக. அது சரி என்று அர்த்தம். இரண்டு தாவுக்கும் வித்தியாசம் எனக்குப் புரிந்தது. சிரித்துவிட்டேன். அவரும் பாதி வாயால் சிரித்தார். மகளைப் போனில் கூப்பிட்டு, "அப்பா எனக்கு வேலை சொல்லிக் கொடுக்காக" என்று சொன்னேன். அவள் அழுதாள்.

மறுநாள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த நாள் அவருக்கு வயிறு சரியில்லை. இரண்டு முறை துணி மாற்றி, குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைத்ததில் என் இடுப்பு விட்டுப்போனது. ஐந்தாவது நாள் காலையில்தான் நீர்க்கறைக்கு உட்கார்ந்தேன். முதல் நாள் இருந்த பொறுமை என்னிடம் இல்லை.

ஈரத் துணியில் வினிகர் தொட்டுப் பழுப்பு வளையத்தைத் துடைத்தேன். வளையம் மங்கியது. துணி பட்ட இடத்தின் ஓரத்தில் அதைவிடப் பெரிய வளையம் ஒன்று விழுந்தது. அதைத் துடைத்தேன். இன்னும் பெரிசாக இன்னொன்று. ஒரு மணி நேரத்தில் விளிம்பில் கால்வாசி வளையங்களாகிவிட்டது. கொண்டுவந்தபோது இருந்ததைவிட மோசம். கொஞ்சம் நனைவதால்தானே ஓரம் விழுகிறது, மொத்தமாக நனைத்துவிட்டால் ஓரமே இருக்காதே என்று தோன்றியது. அது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எனாமல் பேசினில் ஊற்றி, துணி துவைக்கும் சோப்புத்தூளில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினேன்.

கூடத்தில் அவர் கண்ணெதிரேதான் பேசினை வைத்தேன். தொப்பியை எடுத்தேன்.

"தா" என்றார்.

"இருங்க, தாரேன்" என்றேன், என்ன கேட்கிறார் என்று பாராமலே.

"தா! தா! தா!"

டம்ளரில் தண்ணீர் எடுத்துப்போய் வாயில் வைத்தேன். தட்டிவிட்டார். சேலையெல்லாம் தண்ணீர். வேட்டி நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. "வலிக்குதா? எங்குட்டு வலிக்குது?" என்று காலைப் பிடித்துவிட்டேன். இடது கையால் நாற்காலிக் கையை அடித்தார். முகம் சிவந்து நரம்பு புடைத்தது. எச்சில் வழிந்தது. கண் என் கையில் இருந்த தொப்பியையே பார்த்தது. அதை நான் அப்போதே பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை.

"தா! தா!"

"விடிஞ்சதுல இருந்து தா, தா, தா! என்னத்தைத்தான் தர்றது உங்களுக்கு? எங்கிட்ட என்ன இருக்கு தர்றதுக்கு? கொஞ்ச நேரம் பேசாம இருங்க!"

தொப்பியை வெந்நீருக்குள் அமுக்கினேன். அது மிதந்து மிதந்து மேலே வந்தது. இரண்டு கையாலும் அமுக்கிக் கசக்கினேன். என் கையும் வெந்தது. தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி ஆயிற்று. கறை போகிறது என்று சந்தோசப்பட்டேன். நாலு தண்ணீர் மாற்றி அலசி, பிழிந்து, மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ச் சித்திரை வெயிலில் கம்பியில் கவிழ்த்துவிட்டு வந்தேன். கத்தல் நின்றிருந்தது. அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் இட்லியைப் பிசைந்து ஊட்டினேன். வாயைத் திறந்தார், விழுங்கினார். சமாதானம் ஆகிவிட்டார் என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு மாடிக்குப் போனேன். கம்பியில் இருந்தது தொப்பி இல்லை. ஐந்து வயசுப் பிள்ளைக்குக்கூட ஏறாத அளவுக்குச் சுருங்கி, விளிம்பு நெளிந்து, காய்ந்த ஆரஞ்சுத் தோல் மாதிரி விறைத்துப்போயிருந்தது. உள்ளே வைத்துத் தைத்திருந்த தோல் பட்டை வெந்து சுருண்டு, தையலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பட்டையில் இருந்த ரங்கூன் கடையின் பொன் எழுத்து ஒன்றும் மிச்சமில்லை. கறையும் போயிருந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை.

சூடும் சோப்பும் கசக்கலும் சேர்ந்தால் ஃபெல்ட் சுருங்கிவிடும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. செய்ய வேண்டியிருந்தது ரொம்பச் சின்ன வேலை. இட்லிப் பானையில் ஆவி கட்டி, எட்டத்தில் பிடித்து, விளிம்பு முழுக்க ஒரே சீராகக் காட்டி, பிரஷ்ஷால் நீவி, மல்லாக்க வைத்து நிழலில் காயவிட வேண்டும். அவ்வளவுதான். அதைத்தான் அவர் அத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்தார்.

தொப்பியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அவருக்குக் காட்டக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் அவர் படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்து மடியில் வைத்தேன். இடது கையை அதன் மேல் வைத்தார். தடவவில்லை. சும்மா வைத்திருந்தார். பிறகு கையை எடுத்துத் தன் மடியில், செத்த கைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"தெரியாமப் பண்ணிட்டேங்க. எதாவது சொல்லுங்க. திட்டுங்க" என்றேன்.

அவர் கண்ணைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டு அம்மாவை அவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு, வலையபட்டிக்குப் போனேன். அதே கொட்டானில்தான் எடுத்துப்போனேன். கலியாண வேலை நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் ஜமுக்காளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். வெள்ளைத் துண்டை எடுத்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நான் காலில் விழப்போனேன், தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க அப்பச்சிக்குப் பெரிய தலை" என்றார். "தொப்பி கடையில கிடைக்காதாம். சொல்லித்தான் செய்வாகளாம்." துண்டை எடுத்துத் தொப்பியின் மேல் போர்த்தினார். "சரி விடும்மா. படம் இருக்கு, போதும்."

"மன்னிச்சுக்கங்க ஆச்சி."

"அதான் விடுங்கிறேன்ல." திரும்பப் போனவர் நின்றார். "ஆமா, தம்பி பக்கத்துலதான இருந்தாக? இத்தனை நடந்திருக்கு, ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாக ஆச்சி" என்றேன். "சொல்லிக்கிட்டேதான் இருந்தாக."

ஆச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன். அவருடைய கொட்டானையும் அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

அந்த ஐந்தாவது நாள் காலைக்குப் பிறகு என் கணவர் 'தா' சொல்லவில்லை. ஒரு வாரம் கோபம் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனதும் பயந்துபோய் மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக அடைப்பு எதுவும் இல்லை, முன்பிருந்த மாதிரியே இருக்கிறது என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் கண்ணாடியைக் காட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டி, பாட்டெல்லாம் பாடிப் பார்த்தாள். அவர் அவளை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து, "வீட்ல ஏதாவது நடந்துச்சாம்மா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன், கடைசி வார்த்தை வரைக்கும். அவள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். "இப்படி இருக்கிறவங்க மனசு தளர்ந்து நின்னுபோறது உண்டும்மா. அதுக்கும் மாத்திரை இருக்கு, டாக்டர்கிட்ட சொல்றேன். நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்றாள். உன்னால்தான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் அழுதிருப்பேன்.

மாத்திரை கொடுத்தேன். பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். காலையில் பல் தேய்த்துவிடும்போது கேட்டேன், முதுகு துடைத்துவிடும்போது கேட்டேன். "நான் பேசாம இருக்கச் சொன்னது கோவத்துலங்க. எல்லா வீட்லயும் சொல்றதுதான். பேசுங்க" என்று மடியில் முகம் வைத்துக் கெஞ்சினேன். இடது கையால் என் தலையைத் தொட்டார். என் மேல் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் எப்போதாவது தீர்ந்துவிடும் என்றாவது இருக்கும். சொல்லிப் பிரயோசனமில்லை என்று முடிவு கட்டிவிட்டார். உயிரைக் கொடுத்துக் கத்தியும், முப்பது வருசம் கூட வாழ்ந்தவளுக்கே விளங்கவில்லை என்றால், வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்குப் பிறகுதான் நான் வேலையைக் கற்றுக்கொண்டேன். கடையை ஒழித்தபோது வீட்டுக்கு வந்த பழைய தொப்பிகள் பரண்மேல் கிடந்தன. வீடியோக்களைப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்துச் செய்து பார்த்தேன். எண்ணெய்க்கு மாவு, பூஞ்சைக்கு நீர்த்த வினிகர், அழுக்குக்குக் காய்ந்த ரொட்டித் துண்டு, கடைசியாகப் மிக நைசான உப்புத்தாள். பட்டையை வெளியே மடித்துவிட்டு ஆவி காட்ட வேண்டும், விளிம்பைத் தரையில் படும்படி வைக்கக் கூடாது. எல்லாம் அவர் சாப்பாட்டு நேரத்தில் சொன்னவைதான். வீடியோவில் கேட்கும்போது, இதை முன்பே கேட்டிருக்கிறேனே என்று ஒவ்வொரு முறையும் திடுக்கென்றது. இப்போது இரண்டு விடுதிகளிலிருந்து தொப்பிகள் வருகின்றன. சுத்தமாகச் செய்வதாகச் சொல்கிறார்கள். அவர் எதிரில் உட்கார்ந்துதான் செய்கிறேன். வேண்டுமென்றே பிரஷ்ஷை எதிர்ப்பக்கம் இழுத்தும் பார்த்திருக்கிறேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை. பரணில் இருந்தவற்றில் நல்ல தொப்பி ஒன்று மிச்சமிருந்தது. காப்பிக் கொட்டை நிறம், அவர் யாருக்கும் விற்காமல் வைத்திருந்தது. அதை எடுத்துவந்து துடைத்து அவர் மடியில் வைத்தேன். பார்த்தார். பேசினைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன், சோப்புத்தூளைப் போட்டேன். நாற்காலியை அதற்கு நேராகத் திருப்பினேன். அவர் மடியிலிருந்து தொப்பியை எடுத்து, தண்ணீருக்கு மேலே பிடித்தேன்.

"பாருங்க. முக்கப்போறேன். வேணாம்னா சொல்லுங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். ஆவி என் கையில் அடித்தது. எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருந்தேன் என்று தெரியாது.

"ஒரு தா சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

அவர் உதடு கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. எனக்கு உயிர் வந்தது. குனிந்து வாயருகே காதை வைத்தேன். மூச்சுத்தான் வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது கண்ணை மூடியிருந்தார்.

தொப்பியை விட்டுவிட்டேன். தண்ணீரில் விழுந்து, கொஞ்ச நேரம் மிதந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நனைந்தது. நான் அதை அமுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. தண்ணீர் ஆறுகிற வரைக்கும் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து பேசினைக் கொல்லையில் கொட்டிவிட்டு, கஞ்சி காய்ச்சினேன். கரண்டியைக் கொண்டுபோனதும் வாயைத் திறந்தார்.